உலர் தீனியிலிருந்து இறைச்சிக்கு: திருகோணமலையில் பூனை வளர்ப்போரின் கேள்விகளும் பதில்களும்

பையில் விற்கப்படும் உலர் தீனியின் விலை ஏறியதிலிருந்தும், பச்சை இறைச்சியே பூனையின் இயற்கை உணவு என்னும் பேச்சு கைப்பேசிகளில் பரவியதிலிருந்தும், திருகோணமலை நகரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பூனை வளர்ப்போர் பலர் உணவு மாற்றத்தைப் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். கால்நடைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையிலும், வீட்டில் எப்போதும் பூனைகளுடன் வாழ்பவள் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் மிருக வைத்தியர் அல்லேன். நோயை இனங்கண்டு மருந்து கொடுப்பது அவர்களுடைய பொறுப்பு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு இந்தப் பதில்களை வாசியுங்கள்.

உப்புவெளியிலிருந்து: அக்கா, எங்கள் கடுவனுக்கு 4 வயது. குட்டியாக வந்ததிலிருந்து உலர் தீனி மட்டுமே தின்றவன். அண்மையில் சிறுநீர் அடைத்து, குழாய் போட்டுத்தான் காப்பாற்றினார்கள். பச்சை இறைச்சிக்கு மாற்றினால் இந்தத் தொல்லை திரும்ப வராது என்கிறார்கள். உண்மையா?

பதில்: பாதி உண்மை. உலர் தீனியில் ஈரம் ஏறக்குறைய 10 சதவீதம்தான். இறைச்சியிலோ 70 சதவீதத்துக்கு மேல் நீர். வீட்டுப் பூனையின் மூதாதை ஆபிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வறண்ட நிலங்களில் வாழ்ந்த காட்டுப்பூனை. இரையின் உடலில் உள்ள நீரைக்கொண்டே தன் தேவையின் பெரும்பகுதியைத் தீர்த்துக்கொண்ட அந்த விலங்கின் வழியில் வந்ததனால், நம் வீட்டுப் பூனைக்கும் தாகம் மந்தமாகவே எழுகிறது. உலர் தீனி தின்னும் பூனை கிண்ணத்தில் கூடுதலாகக் குடித்தாலும், ஈர உணவு தின்னும் பூனைக்குச் சேரும் நீர் அதற்குச் சேருவதில்லை. சிறுநீர் செறிவாகி, படிகங்கள் உண்டாக இடம் ஏற்படுகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் இது இன்னும் கவனிக்கவேண்டிய விடயம்.

ஆனால் இங்கே நன்மை செய்வது நீரே தவிர, இறைச்சியின் பச்சைத்தன்மை அன்று. அவித்த கோழியை அதன் சாற்றோடு கொடுத்தாலும், தகரத்தில் வரும் ஈர உணவில் சிறிது வெந்நீர் கலந்து கொடுத்தாலும் அதே பயன் கிடைக்கும். உங்கள் கடுவனுக்கு வைத்தியர் படிகங்களுக்கென்று தனி உணவு எழுதியிருந்தால், அவரிடம் கேட்காமல் அதை நிறுத்தவேண்டாம். படிகங்களின் வகையைப் பொறுத்து உணவும் மாறும். அடைப்பு ஒருமுறை வந்த கடுவனுக்கு மீண்டும் வரலாம். மணற்பெட்டியில் திரும்பத் திரும்பக் குந்தியும் சிறுநீர் வராவிட்டால், விடியட்டும் என்று காத்திராமல் அந்த வேளையிலேயே வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். ஓரிரு நாள் தாமதம் உயிரைக் கொண்டுபோய்விடும்.

நிலாவெளியிலிருந்து: எங்களுடையது மீன்பிடிக் குடும்பம். வலை கரைக்கு வந்தவுடன் சூடையும் நெத்தலியும் பச்சையாகவே பூனைகளுக்குப் போடுகிறோம். காசு கொடுத்து இறைச்சி வாங்கத்தான் வேண்டுமா? இதைவிடப் புதிய பச்சை உணவு வேறு எங்கே கிடைக்கும்?

பதில்: வந்திருக்கும் கேள்விகளில் நான் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். கடலோரத்தில் வாழும் நம்மிடம், பூனை என்றால் மீன் என்னும் எண்ணம் பிறப்பிலிருந்தே ஊறியிருக்கிறது. பூனை மீனை விரும்பும் என்பது மெய். ஆனால் மீனையே நாளாந்த உணவாகக் கொண்டு அதன் உடல் அமைந்ததில்லை. வறண்ட நிலத்தில் எலியும் சிறு பறவையும் பிடித்துத் தின்ற விலங்கு அது.

சூடை, நெத்தலி போன்ற சிறு மீன்களின் இனங்களில் பலவற்றில் தயமினேஸ் என்னும் நொதியம் உண்டு. அது விற்றமின் பி1 எனப்படும் தயமினைச் சிதைத்துவிடும். பூனைக்கு இந்த விற்றமின் நாயைவிட மிகக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. உடலில் சேமிப்பும் சிறிதே. பச்சை மீனை மட்டும் சில கிழமைகள் தின்ற பூனை முதலில் தீனியை மறுக்கும், வாயில் நீர் வடியும். பிறகு தள்ளாடி நடக்கும், கண்மணிகள் விரிந்தே இருக்கும், தலை நெஞ்சை நோக்கிக் கவிழ்ந்துவிடும், இறுதியில் வலிப்பு வரும். தலை கவிழும் நிலையில்கூட உடனே தயமின் ஊசி போட்டால் பல பூனைகள் தேறிவிடுகின்றன. ஆனால் யாரோ நஞ்சு வைத்துவிட்டார்கள் என்று எண்ணிப் பூனையைக் கைவிட்டுவிடும் வீடுகளும் இருக்கின்றன. உறைய வைத்தால் இந்த நொதியம் அழியாது. நன்றாக அவித்தால் அழிந்துவிடும்.

இரண்டாவது ஆபத்து கொழுப்பு மீன்களால் வருவது. சூரை, சூடை முதலியவற்றின் எண்ணெய் உடலில் சேர்ந்து கெடாமல் காப்பதற்கு விற்றமின் ஈ வேண்டும். அது போதாதபோது தோலுக்கடியிலுள்ள கொழுப்பு மஞ்சளாகி வீங்கி, பூனையைத் தொட்டாலே வலியால் கத்தும். மூன்றாவது, வெயிலில் கிடந்த சூரை, கும்பளா போன்ற மீன்களில் ஹிஸ்டமின் உண்டாகிறது. அதைச் சமைத்தும் போக்க முடியாது. கரைவலையில் ஒதுக்கப்படும் மீன்களுக்கிடையே பேத்தை வந்தால் அதைப் பூனையின் வாய்க்கு எட்டாமல் புதைத்துவிடுங்கள். அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது.

ஆகவே மீனை விலக்கவேண்டாம். கிழமைக்கு ஒரு நாளோ இரு நாளோ, முள் நீக்கி, உப்பும் புளியும் சேர்க்காமல் அவித்து, மற்ற உணவோடு சிறிதளவு சேர்த்துக் கொடுங்கள். கருவாடு வேண்டாம், அதன் உப்பு பூனைக்கு மிக அதிகம். வாடைக்காலத்தில் கடல் கொந்தளித்துத் தொழில் இல்லாத மாதங்களில் திடீரென்று வேறு உணவுக்குப் பழக்குவது கடினம் என்பதையும் எண்ணிப்பாருங்கள். மீன் மலிந்திருக்கும் காலத்திலேயே கோழியின் ருசியையும் பழக்கிவிடுவது நல்லது.

உவர்மலையிலிருந்து: எங்கள் பூனைக்குட்டிக்கு 5 மாதம். இரண்டு மாதங்களாகக் கோழி நெஞ்சிறைச்சியை மட்டும், மிகச் சுத்தமாகக் கழுவி, பச்சையாக அரைத்துக் கொடுக்கிறோம். விரும்பித் தின்கிறது. இப்போது பின்கால் ஒன்றை ஊன்றாமல் நடக்கிறது. விழுந்ததாகத் தெரியவில்லை.

பதில்: இதை வாசித்தவுடன் குட்டியை மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள், எக்ஸ்ரே எடுக்க வேண்டியிருக்கும். அதுவரை உயரமான இடங்களில் ஏறிக் குதிக்க விடாமல் ஒரு சிறிய அறையில் வைத்திருங்கள். தூக்கும்போது வயிற்றையும் பின்பக்கத்தையும் சேர்த்துத் தாங்கித் தூக்குங்கள்.

எலும்பில்லாத தனி இறைச்சியில் பொசுபரசு நிறைய இருக்கிறது. கல்சியம் இல்லை என்றே சொல்லலாம். பூனையின் உணவில் இவ்விரண்டும் ஏறத்தாழச் சம அளவில், கல்சியம் சற்றுக் கூடுதலாக இருக்கவேண்டும். தனி இறைச்சியிலோ பொசுபரசு கல்சியத்தைப்போல் 15 மடங்குக்கு மேல் இருக்கும். இரத்தத்தில் கல்சியம் குறையும்போது, அதை ஈடுசெய்யக் கழுத்திலுள்ள துணைக்கேடயச் சுரப்பிகள் எலும்பிலிருந்து கல்சியத்தை உருவி எடுக்கின்றன. வளர்கின்ற குட்டியின் எலும்பு இரண்டு மாதங்களுக்குள்ளேயே மெலிந்து, சாதாரணமாகக் குதித்தாலே முறியும் நிலைக்கு வந்துவிடும். குட்டியிடம் பாசமாக இருந்து, நல்ல இறைச்சியாகத் தேடி வாங்கிக் கொடுத்த வீடுகளிலேயே இது நேர்கிறது என்பது எனக்கு மிகுந்த வேதனை தருவது. வைத்தியர் வேறு சொல்லாவிட்டால், குட்டிகளுக்கென்று தயாரிக்கப்பட்ட முழுமையான கடை உணவுக்கு இப்போதே திரும்புங்கள். காலத்தோடு உணவைத் திருத்தினால் எலும்பு மீண்டும் உறுதிப்படும். கல்சிய வில்லைகளை நீங்களாகவே அள்ளிக் கொடுத்து ஈடுசெய்ய முயல வேண்டாம்; அளவு மீறினால் அதுவும் கேடு.

ஒரு வயது நிரம்பும்வரை, வீட்டில் கலந்த இறைச்சி உணவை மட்டும் நம்பிக் குட்டியை வளர்க்கக்கூடாது என்பது என்னுடைய உறுதியான கருத்து.

சீனன்குடாவிலிருந்து: அப்படியானால் வளர்ந்த பூனைக்கு இறைச்சிக் கலவை செய்வது எப்படி? தசை 80, எலும்பு 10, ஈரல் 5, மற்ற உள்ளுறுப்பு 5 என்று ஒரு கணக்குச் சொல்கிறார்களே, அது போதுமா?

பதில்: அந்தக் கணக்கு தொடங்குவதற்கு உதவும், அதனால் மட்டும் உணவு முழுமையாகாது. அதில் எலும்பு கல்சியத்தைத் தருகிறது, ஈரல் விற்றமின் ஏயைத் தருகிறது. பூனையால் கரட் போன்ற மரக்கறிகளில் உள்ள நிறப்பொருளை விற்றமின் ஏயாக மாற்ற முடியாது என்பதால் ஈரல் கட்டாயம் வேண்டும். ஆனால் மலிவாகக் கிடைக்கிறதென்று ஈரலையே நாள்தோறும் போட்டால், அதே விற்றமின் மிகுந்து கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, பூனையால் குனிந்து தன் உடலை நக்கவும் முடியாமல் போகும். 5 சதவீதம் என்ற எல்லையைத் தாண்டவேண்டாம்.

எலும்பை அரைக்கும் இயந்திரம் நம் வீடுகளில் இல்லை. ஆகவே எலும்பில்லாத கலவையையே சொல்கிறேன். 1 கிலோகிராம் கலவைக்குத் தோலோடு கூடிய கோழித் தொடை இறைச்சி 750 கிராம், கோழி இருதயம் 200 கிராம், ஈரல் 50 கிராம், அவற்றோடு ஒரு முட்டையின் மஞ்சட்கரு என்று வைத்துக்கொள்ளலாம். கழுவி அவித்துக் காயவைத்த முட்டை ஓட்டை மாவாகத் தூளாக்கி, மட்டமாக ஒரு தேக்கரண்டி, அதாவது ஏறக்குறைய 6 கிராம், சேர்த்துப் பிசையுங்கள். கரடுமுரடாக நொறுக்கிய ஓடு தொண்டையைக் கீறும்; உடலிலும் சரியாகச் சேராது.

நெஞ்சிறைச்சியை விடுத்துத் தொடையையும் இருதயத்தையும் சொல்வதற்குக் காரணம் டோரின். நாயும் மனிதரும் உடலில் ஆக்கிக்கொள்ளும் இந்தப் பொருளைப் பூனையால் தேவையான அளவு ஆக்கிக்கொள்ள முடியாது. டோரின் குறைந்தால் பூனையின் விழித்திரை சிதைகிறது என்பது 1975ஆம் ஆண்டிலும், இருதயத் தசை தளர்ந்து விரிவடைகிறது என்பது 1987ஆம் ஆண்டிலும் ஆய்வுகளால் வெளிப்பட்டன. அதன் பின்னரே கடை உணவுகளில் டோரினின் அளவு உயர்த்தப்பட்டது. கறுத்த தசையிலும் ஓயாமல் வேலை செய்யும் இருதயத்திலும் அது மிகுதியாக இருக்கிறது; வெளுத்த நெஞ்சிறைச்சியில் குறைவு. அது நீரில் கரைவது என்பதால், இறைச்சியை அவித்தால் அந்த நீரை ஊற்றிவிடாமல் உணவோடு சேர்த்துக் கொடுக்கவேண்டும். அரைத்து நெடுநாள் உறைய வைத்த இறைச்சியிலும் டோரின் குறையக்கூடும். தூளாக வாங்க முடிந்தவர்கள் வைத்தியரிடம் அளவு கேட்டுச் சேர்ப்பது நல்லது.

இவ்வளவும் செய்த பிறகும் விற்றமின் ஈ, விற்றமின் டி, அயடீன், மங்கனீசு ஆகியவை இக்கலவையில் போதாமல் இருக்கும். ஆகவே முழுமையான கடை உணவை ஒரேயடியாக நிறுத்தாமல், நாளின் ஒரு வேளையாவது அதைக் கொடுத்து, மற்ற வேளைகளில் இதைக் கொடுங்கள். முழுவதும் வீட்டுக் கலவைக்கே மாற விரும்புவோர், அதற்கென்றே தயாரித்த விற்றமின் கனியுப்புக் கலவையை வைத்தியரின் ஆலோசனையோடு பயன்படுத்தவேண்டும். அளவைப் பொறுத்தவரை, 4 கிலோகிராம் எடையுள்ள வளர்ந்த பூனை இறைச்சி மட்டும் தின்றால் நாளொன்றுக்கு 100 முதல் 160 கிராம் வரை தின்னும். கிழமைதோறும் எடை பார்த்துக் கூட்டிக் குறையுங்கள்.

அவித்த எலும்பை மட்டும் ஒருபோதும் போடாதீர்கள். வெந்த எலும்பு கூரிய சில்லுகளாக உடைந்து குடலைத் துளைக்கும்.

லிங்கநகரிலிருந்து: அம்மா, எங்கள் பூனை 6 கிலோகிராம். 5 வருடமாக உலர் தீனிதான். இறைச்சியை வைத்தால் மோந்துவிட்டு, மண்ணைத் தள்ளி மூடுவதுபோல் செய்து போய்விடுகிறது. இரண்டு மூன்று நாள் பட்டினி போட்டால் வழிக்கு வரும் என்று ஒரு நண்பர் சொன்னார்.

பதில்: தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பசி வந்தால் எதையும் தின்னும் என்பது நாய்க்குப் பொருந்தலாம்; பூனைக்குப் பொருந்தாது. பூனை, அதிலும் உங்களுடையதைப் போன்ற பருத்த பூனை, இரண்டு மூன்று நாள் தின்னாமல் இருந்தால், உடற்கொழுப்பு வெள்ளமாகக் கல்லீரலுக்குச் சென்று அங்கேயே படிந்து அதைச் செயலிழக்கச் செய்கிறது. கண்ணும் ஈறும் மஞ்சளிக்கும். பசி அறவே போய்விடும். அதன் பின்னர் குழாய் வழியாகக் கிழமைக்கணக்கில் ஊட்டித்தான் பிழைக்க வைக்க முடியும். அப்படியும் சில பூனைகள் தப்புவதில்லை. வளர்ந்த பூனை 24 மணி நேரம் எதையும் தொடாவிட்டால் உங்கள் முயற்சியை நிறுத்தி, அதற்குப் பழகிய தீனியைக் கொடுங்கள். அதையும் மறுத்தால் வைத்தியரிடம் செல்லுங்கள்.

உங்கள் பூனை செய்வது பிடிவாதம் அன்று. குட்டிப் பருவத்தில் எந்த மணத்தையும் எந்த மொறுமொறுப்பையும் உணவென்று அறிந்ததோ, அதையே அது உணவென்று நம்புகிறது. ஆகவே முதலில் மாற்றவேண்டியது உணவை அன்று, உண்ணும் நேரத்தை. நாள் முழுவதும் கிண்ணத்தில் தீனி கிடந்தால் எந்தப் பூனைக்கும் பசி தெரியாது. அதே உலர் தீனியைக் காலை, பின்னேரம், இரவு என்று மூன்று வேளையாகப் பிரித்து வைத்து, அரை மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். ஒன்றிரண்டு கிழமைகளில் வேளை வந்தவுடன் பூனை உங்கள் காலைச் சுற்றிவரத் தொடங்கும்.

அதன் பிறகு, பசியோடு வரும் வேளையில், சுண்டுவிரல் நகமளவு இறைச்சியை உலர் தீனியின் பக்கத்தில் வையுங்கள். மேலே கலந்துவிட வேண்டாம். கலந்தால் பழகிய தீனியையும் சந்தேகப்பட்டு விட்டுவிடும் பூனைகள் உண்டு. நாட்கள் செல்லச் செல்ல, உலர் தீனியைத் தூளாக்கி அந்த இறைச்சித் துண்டின்மேல் தூவுங்கள். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தபடியே வைக்காமல், உறையில் இட்டு வெந்நீரில் மூழ்கவைத்து உடற்சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். அந்தச் சூட்டில்தான் மணம் எழும்பும். பச்சை இறைச்சிக்கு நேரே தாவுவதைவிட, தகர உணவு, பிறகு அவித்த இறைச்சி என்று படிப்படியாகச் செல்வது பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்கு எளிது. தின்றால் தலையைத் தடவுங்கள். தின்னாவிட்டால் வற்புறுத்தாமல் எடுத்துவிடுங்கள். வாயைத் திறந்து திணித்தால் அந்த உணவை வாழ்நாள் முழுவதும் வெறுக்கும்.

பத்து நாளில் மாறும் பூனையும் உண்டு. ஆறு மாதம் எடுக்கும் பூனையும் உண்டு. உங்கள் பூனை எடை குறைவது நல்லதுதான், ஆனால் கிழமைக்கு 60 கிராம் குறைந்தால் போதும். 120 கிராமைத் தாண்டக்கூடாது. காய்கறி நிறுக்கும் தராசில் ஒரு கூடையை வைத்து நிறுத்துக் குறித்து வாருங்கள்.

மனையாவெளியிலிருந்து: நாங்கள் சைவ உணவுக்காரர். வீட்டில் முட்டையும் சமைப்பதில்லை. தெருவில் கிடந்த குட்டியை எடுத்து வளர்க்கிறோம். சோறும் பாலும் தயிரும் கொடுத்தோம். பிறகு உலர் தீனிக்கு மாறினோம். இறைச்சி கொடுக்காதது பாவமா? இல்லை, பூனையையும் சைவமாகவே வளர்க்கலாமா?

பதில்: பூனையைச் சைவமாக வளர்க்க முடியாது. டோரின், விற்றமின் ஏ, அரக்கிடோனிக் அமிலம் என்னும் கொழுப்பமிலம் ஆகிய மூன்றையும் அது விலங்கு உணவிலிருந்தே பெறவேண்டும். சோறும் பாலும் வயிற்றை நிரப்பும். கண்ணையும் இருதயத்தையும் காக்கமாட்டா. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் சீரணமாகாமல் வயிற்றோட்டமும் வரும்.

ஆனால் உங்கள் அடுக்களைக்குள் இறைச்சியைக் கொண்டுவரவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நீங்கள் இப்போது கொடுக்கும் உலர் தீனியில் முழுமையான உணவு என்று பொறிக்கப்பட்டிருந்தால், அதிலேயே அந்த மூன்றும் உண்டு. அதை வெந்நீரில் ஊறவைத்து, வீட்டின் புறத்தே தனிக் கிண்ணத்தில் கொடுங்கள். இயன்றபோது தகர உணவும் சேருங்கள். உலர் தீனியை நஞ்சு என்று பேசுகிறவர்களின் பேச்சைக் கேட்டு மனம் வருந்தவேண்டாம். சரியாகக் கலக்காத இறைச்சி உணவைவிட, முழுமையான உலர் தீனி பூனைக்கு எவ்வளவோ பாதுகாப்பானது. வெங்காயமும் உள்ளியும் சேர்ந்த கறிச்சாற்றை மட்டும் சோற்றில் ஊற்றிக் கொடுக்காதீர்கள். அவை பூனையின் செங்குருதிக் கலங்களை உடைக்கும்.

கிண்ணியாவிலிருந்து: ஹஜ்ஜுப் பெருநாளின்போது குர்பான் இறைச்சி நிறையக் கிடைக்கும். அதில் ஒதுக்கும் பகுதிகளைப் பச்சையாகப் பூனைக்குக் கொடுக்கலாமா? மனைவி கர்ப்பமாக இருக்கிறார். பூனையை வீட்டைவிட்டு அனுப்பச் சொல்கிறார்கள் உறவினர்கள்.

பதில்: பூனையை அனுப்பவேண்டியதில்லை, பச்சை இறைச்சியைத்தான் இந்த மாதங்களில் நிறுத்தவேண்டும். ரொக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி பச்சை இறைச்சியிலும் எலியிலும் இருந்து பூனைக்கு வருகிறது. தொற்றிய பூனை ஒன்று முதல் மூன்று கிழமை வரை மலத்தில் அதன் முட்டைகளை வெளியேற்றும். அந்த முட்டைகள் வெளியே ஒரு நாளாவது கிடந்தால்தான் தொற்றும் வலிமை பெறும். ஆகவே மணற்பெட்டியை நாள்தோறும் துப்புரவு செய்யுங்கள். அந்த வேலையை நீங்கள் செய்யுங்கள், மனைவி செய்யவேண்டாம். அவர் தோட்ட மண்ணைத் தொடும்போது கையுறை அணியட்டும். வீட்டில் சமைக்கும் இறைச்சியும் நன்றாக வேகவேண்டும். மனிதருக்கு இந்தத் தொற்று வருவதில் வேகாத இறைச்சிக்குப் பெரும் பங்குண்டு.

பூனையின் உணவால் ஆபத்து பூனைக்கு மட்டும் அன்று. சல்மொனெல்லா போன்ற நுண்ணுயிர்கள் பூனையை ஒன்றும் செய்யாமல், அதன் கிண்ணத்தின் வழியாகவும் மலத்தின் வழியாகவும் வீட்டாருக்கு வரலாம். அமெரிக்க மிருக வைத்தியர் சங்கம் 2012ஆம் ஆண்டிலேயே, கிருமி நீக்கப்படாத பச்சை விலங்கு உணவை நாய் பூனைகளுக்குக் கொடுப்பதை ஊக்குவிக்கக் கூடாது என்று அறிவித்தது. 2024ஆம் ஆண்டின் இறுதியில் அந்நாட்டில் பச்சைக் கோழியின இறைச்சியால் செய்த உணவிலிருந்து பறவைக் காய்ச்சல் தொற்றிப் பூனை இறந்ததும் உண்டு. கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியோர், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர் இருக்கும் வீடுகளில் அவித்தே கொடுங்கள். மற்ற வீடுகளுக்கும், நம் ஊர் வெக்கையை எண்ணிப் பார்க்கும்போது, மெல்ல அவித்த உணவையே நான் விரும்புகிறேன்.

குர்பான் இறைச்சியில் இருதயம், நாக்கு, சிறுநீரகம், ஒதுக்கிய தசை ஆகியவை நல்ல உணவு. சிறு பொதிகளாகப் பிரித்து உறைய வைத்து, அவித்து, மேலே சொன்ன முட்டை ஓட்டுத் தூளோடு கொடுங்கள். ஈரலிலோ நுரையீரலிலோ நீர்க்கட்டிகள் தெரிந்தால் அவற்றைத் தெரு நாய்களுக்கும் எறியாமல் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். அவற்றில் நாடாப்புழுவின் கருக்கள் இருக்கலாம்.

மூதூரிலிருந்து: மின்சாரம் அடிக்கடி நின்றுவிடுகிறது. உறைந்த இறைச்சி இளகிவிட்டால் திரும்ப உறைய வைக்கலாமா?

பதில்: நடுவில் இன்னும் பனிக்கட்டி இருந்தால் திரும்ப உறைய வைக்கலாம். முழுவதும் இளகிக் குளிர்ச்சியும் போயிருந்தால் வேண்டாம். குளிர்ச்சி நீங்கி இரண்டு மணி நேரம் கடந்த இறைச்சியை எறிந்துவிடுங்கள். உறைநிலை சல்மொனெல்லாவைக் கொல்லாது, உறங்க வைக்கும் அவ்வளவே. இளக வைப்பதையும் அடுக்களை மேசையில் செய்யாமல், முதல் நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துச் செய்யுங்கள். கிண்ணத்தில் மிஞ்சியதை 20 நிமிடத்தில் எடுத்துவிடுங்கள்.

பாலையூற்றிலிருந்து: அக்காவின் மகன் லண்டனில் ஃபெரெட் என்னும் பிராணி இரண்டு வளர்க்கிறான். அவற்றை உலர் தீனியிலிருந்து பச்சை இறைச்சிக்கு மாற்றப் பார்க்கிறான். பூனைக்குச் சொல்வதெல்லாம் அதற்கும் பொருந்துமா என்று கேட்கச் சொன்னான்.

பதில்: அடிப்படை பொருந்தும், வேகம் பொருந்தாது. ஃபெரெட் ஐரோப்பாவின் போல்கட் என்னும் காட்டு விலங்கின் வழிவந்தது. பூனையைப்போலவே ஊனை மட்டும் உண்பதற்கு அமைந்தது. அதன் குடல் மிகக் குட்டையானது, பெருங்குடல்வாய் இல்லாதது. தின்றது 3 அல்லது 4 மணி நேரத்தில் வெளியேறிவிடும். ஆகவே பூனைக்குச் சொன்ன மூன்று வேளை ஒழுங்கு அதற்கு ஆகாது. நாளில் பல தடவை சிறிது சிறிதாகத் தின்னவேண்டும். நடுவயது கடந்த ஃபெரெட்டுகளில் இன்சுலினைச் சுரக்கும் கட்டி கணையத்தில் வருவது மிகச் சாதாரணம். அப்படிப்பட்டது சில மணி நேரம் பசித்திருந்தாலே இரத்தச் சர்க்கரை விழுந்து மயங்கிவிடும். வெறித்துப் பார்ப்பதும், பின்கால்கள் துவள்வதும், வாயைப் பிறாண்டுவதும் அதன் அறிகுறிகள். மாற்றத்தைத் தொடங்குமுன் இரண்டையும் வைத்தியரிடம் காட்டி இரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

மணத்தின்மீதான பிடிப்பு ஃபெரெட்டுக்குப் பூனையைவிட உறுதியானது. பிறந்து முதல் சில மாதங்களில் மோந்ததையே உணவென்று ஏற்கும். உலர் தீனியை வெந்நீரில் கரைத்துக் கூழாக்கி, முதலில் அதைப் பழக்கட்டும். பிறகு அந்தக் கூழில் அரைத்த கோழியை ஒரு தேக்கரண்டியிலிருந்து தொடங்கிக் கூட்டிச் செல்லட்டும். விரலில் தொட்டு உதட்டில் தடவினால் நக்கிப் பார்க்கும். மாற்றம் முடியும்வரை உலர் தீனியும் எப்போதும் எட்டும் இடத்தில் இருக்கவேண்டும். கறுத்துத் தார்போல் மலம் போனால் இரைப்பையில் புண்ணாகி இரத்தம் கசிகிறது என்று பொருள். உடனே நிறுத்தி வைத்தியரிடம் செல்லவேண்டும். இன்னொன்று: உணவை எடுத்துச் சென்று ஒளித்து வைப்பது ஃபெரெட்டின் இயல்பு. படுக்கைத் துணிக்குள்ளும் மெத்திருக்கைக்கு அடியிலும் பச்சை இறைச்சி ஒளிந்திருக்கிறதா என்று நாள்தோறும் தேடிப்பார்க்கச் சொல்லுங்கள்.

தம்பலகாமத்திலிருந்து: காட்டுப் பன்றி இறைச்சி பச்சையாகக் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. காட்டு விலங்கின் தசையில் ஒட்டுண்ணிப் புழுக்கள் இருக்கலாம். பன்றி இனத்திலிருந்து பூனைக்குத் தொற்றி அதைக் கொன்றுவிடும் ஒரு வைரசு நோயும் உண்டு.

சாம்பல்தீவிலிருந்து: எங்கள் 11 வயதுப் பூனைக்குச் சர்க்கரை நோய். நாளுக்கு இருமுறை இன்சுலின் போடுகிறோம். உலர் தீனியில் மாச்சத்து அதிகம் என்பதால் இறைச்சிக்கு மாற்றினால் நல்லது என்று கேள்விப்பட்டேன். இந்தக் கிழமையே தொடங்கலாமா?

பதில்: கேள்விப்பட்டது சரி. மாச்சத்துக் குறைந்த ஈர உணவுக்கு மாறிய சர்க்கரை நோய்ப் பூனைகளில் சில, இன்சுலின் தேவையில்லாத நிலைக்கே வருவதுண்டு. அதனாலேயே இந்த மாற்றத்தை நீங்களாகத் தொடங்கக்கூடாது. உணவில் மாச்சத்துக் குறைந்த சில நாட்களிலேயே இன்சுலின் தேவை குறைந்துவிடலாம். பழைய அளவையே தொடர்ந்து போட்டால் இரத்தச் சர்க்கரை மிகத் தாழ்ந்து, பூனை தள்ளாடி, வலிப்பு வந்து, இறக்கவும் கூடும். 11 வயதில் சிறுநீரகமும் தளர்ந்திருக்கலாம் என்பதால் முதலில் அதற்கான இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். வைத்தியரிடம் புதிய உணவின் பெயரையும் அளவையும் சொல்லி, மாற்றம் நடக்கும் கிழமைகளில் எத்தனை தடவை சர்க்கரையை அளப்பது, எந்த அளவுக்குக் கீழே வந்தால் ஊசியை நிறுத்துவது என்று அவர் எழுதிக் கொடுத்த பின்னர் தொடங்குங்கள். ஊசி மருந்து இருக்கும் தட்டிலேயே சிறிது தேனையும் வைத்திருங்கள். தள்ளாட்டம் கண்டவுடன் அதை ஈறில் தடவிவிட்டு வைத்தியரை அழையுங்கள்.